ஆடிக்காற்றில் தூற்றிய காப்பி

என் வேலை காப்பி குடிப்பது அல்ல, துப்புவது. பெங்களூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே ருசி பார்க்கும் அறையில் நீள மேஜை, மேஜை மேல் கிண்ணம் கிண்ணமாகக் காப்பி. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. வீட்டில் பிள்ளைகள் அப்படி உறிஞ்சினால் தலையில் குட்டுவோமே, அந்தச் சத்தத்தோடு கரண்டியிலிருந்து உறிஞ்ச வேண்டும். நாக்கில் ஒரு சுற்று சுற்றவிட்டு, பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். எந்த மூட்டை கப்பல் ஏறலாம், எது ஏறக் கூடாது என்று நானும் இன்னொரு பெண்ணும் சொல்வோம். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று ரயிலில் கேட்பார்கள். தருகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் எனக்குக் காப்பி வாசனையே ஆகாது. வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

சுரங்கத்தை மூடிய பிறகு, ஊரிகத்திலிருந்து பெங்களூருக்குப் போய்வருவதுதான் இப்போது எங்கள் தங்கவயலில் பாதிப் பேருடைய பிழைப்பு. எங்கப்பா கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கி ஷிஃப்ட்டுக்குப் போனார். நான் மாரிகுப்பத்திலிருந்து வருகிற வண்டியில் ஏறி வேலைக்குப் போகிறேன். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவதில் அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பங்காருபேட்டையில் கூட்டம் ஏறும்வரை காலை நீட்டிக்கொள்ளலாம். அப்புறம் பக்கத்துக்காரியின் தோளில் என் தலை, என் தோளில் அவள் தலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரயிலில் பாட்டெல்லாம் பாடிக்கொண்டு போவோம். இப்போது யாரும் யாரோடும் பேசுவதுகூட இல்லை. ஐம்பதைத் தாண்டிய உடம்பு. மாதத்தின் முதல் நாளே மாதக் கடைசி போலத்தான் இருக்கிறது.

துப்பித் துப்பியே ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். காப்பிக்கொட்டைக்கு எதையும் மறைக்கத் தெரியாது. எந்த உயரத்தில் வளர்ந்தேன், எந்த நிழலில் நின்றேன், எங்கே என்னைக் காயப் போட்டார்கள் என்று எல்லாவற்றையும் கிண்ணத்தில் கொட்டிவிடும். பாபா புதன் மலையின் குளிரில் மெதுவாகப் பழுத்த காப்பி நாக்கின் ஓரத்தில் எலுமிச்சை மாதிரி சுரீர் என்று இழுக்கும். அதே செடி அடிவாரத்து வெயிலில் அவசரமாகப் பழுத்தால் அந்தச் சுரீர் போய்விடும், கசப்பு முந்திக்கொள்ளும். வயநாட்டு ரோபஸ்டா வாய் நிறைய உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற விருந்தாளி. குடகுக் காப்பியில் ஆரஞ்சு வாசனை வரும், ஏனென்றால் தோட்டத்தில் ஆரஞ்சு மரம் நடுவில் நிற்கிறது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் நின்றாலே வாசனை ஒட்டிக்கொள்ளும் என்றால், ரயிலில் இத்தனை வருஷமாகப் பூக்காரிகளோடு இடிபட்டு வருகிற என்மேல் மல்லிகை மணக்க வேண்டும். உயரமும் ஈரமும் நிழலும் மண்ணும்தான் காப்பிக்கு ருசி. மற்றதெல்லாம் வியாபாரம்.

ஆனால் காற்றும் காப்பிக்குள் போகும். மங்களூர்க் கரையோரக் கிடங்குகளில் மழைக்காலத்தில் கதவைத் திறந்து வைத்து, கொட்டையைப் பரப்பி, கடல்காற்றை உள்ளே விடுவார்கள். வாரக்கணக்கில் அந்த ஈரக்காற்றைக் குடித்துக் குடித்துக் கொட்டை ஊதிப்போய் வெளுத்துவிடும். புளிப்பெல்லாம் அடங்கி, வேறே ஒரு காப்பியாக மேஜைக்கு வரும். யாரும் அதில் எதையும் சேர்ப்பதில்லை. வெறும் காற்றுதான். அதே காற்றுதான் மலையில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, வறண்டுபோய் ஆடியில் எங்கள் ஊருக்கு வருகிறது.

வரும்போது சயனைடு மேட்டைத் தொட்டுக்கொண்டு வருகிறது. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. வெளியூர்க்காரர்கள் மலை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆடி பிறந்தால், சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய மைன்ஸ் லைன் வீடுகளில் நாங்கள் ஜன்னலைத் திறக்க மாட்டோம். நனைத்த புடவையை வாசலில் தொங்கவிடுவோம். மிளகாய், வடகம், துவைத்த துணி எதையும் வெளியே காயப் போட மாட்டோம். சோற்றுப் பானையை மூடாமல் வைத்தால் எங்கம்மா கரண்டியாலேயே அடிப்பார். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. லைனில் பிறந்தவர்களுக்குத் தானாகவே தெரியும்.

என் வீட்டுக்காரர் லைனில் பிறந்தவர் அல்ல. அவர் ஃபாக்டரிப் பக்கத்து ஆள். கனரக இயந்திரங்கள் செய்கிற ஃபாக்டரிக்கு வேலைக்கென்று திருச்சியிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பக்கம் மரம் வைத்த ரோடு, தண்ணீர் வருகிற குழாய், தூசி படாத ஜன்னல். நாங்கள் 'இன்னா' என்றால் அவர்கள் வீட்டில் சிரிப்பார்கள். அவர் அங்கே இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். மிஷினில் கடைந்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்துப் பெயின்ட் வைப்பதுதான் வேலை. சரியாக இருந்தால் பச்சை. ஒன்றுக்கும் உதவாது என்றால் சிவப்பு, அது நேராகப் பழைய இரும்புக்குப் போய்விடும். சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள். மஞ்சள் வைத்த பாகத்தை அதே மிஷினில் திரும்ப மாட்டக் கூடாது, வேறு மிஷினுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய சட்டம். கெடுத்த இடத்திலேயே வைத்து எப்படிச் சரிபண்ணுவது என்று கேட்பார். வீட்டிலும் இதே கதைதான். நான் சுட்ட தோசைக்கு நிறைய மஞ்சள் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை சிவப்பும் வாங்கினேன், அன்றைக்கு அவரே சமைத்தார்.

ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எங்கப்பா இருந்த லைன் வீட்டுக்கு வந்தோம். ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் கொஞ்சம் மண். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. சுவரில் ஒரு ஆணி அடிக்க இனி எவனையும் கேட்க வேண்டாம் என்று முதல் நாளே நாலைந்து ஆணி அடித்தார். மாட்ட ஒன்றும் இல்லை. இன்னும் சும்மாதான் இருக்கின்றன.

அடுத்த வருஷமே இருமல் வந்தது. இளவயதில் ஊதித்தள்ளிய சிகரெட் ஏற்கெனவே நெஞ்சில் பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. மீதியை ஆடிக்காற்று பார்த்துக்கொண்டது. இரண்டு ஆடி இருமிய பிறகு, கோலாரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இவரைத் தூசி இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், குளிர் இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் சில ஆடி இங்கேயே இருந்தால் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இருக்க வேண்டியிருக்கும் என்றார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார், கடைசி வரைக்கும்.

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனியில் ஒரு வழியும் திறந்தது. சிக்மகளூரில் கொட்டையின் தோல் நீக்கித் தரம் பிரிக்கிற எங்கள் ஆலையில் ருசி பார்க்க ஆள் வேண்டும், வீடு தருகிறோம், வருகிறாயா என்று கேட்டார்கள். ரயில் இல்லை, தூசி இல்லை. நான் அன்றைக்கே சரி சொல்லியிருப்பேன். இவர் அசையவில்லை. வாழ்நாள் முழுக்க குவார்ட்டர்ஸில் இருந்தாகிவிட்டது, மறுபடியும் இன்னொரு குவார்ட்டர்ஸா என்றார். முகத்திலாவது ஈரத் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். திருடன் மாதிரி இருக்கும் என்றார். இந்த ஊரில் பிறந்தவள் நான், போய்விடலாம் என்று நான் சொல்கிறேன். பிழைக்க வந்த குடும்பத்துக்காரர், மாட்டேன் என்கிறார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் தெம்பில்லை.

அவருக்குத் துணையாக நின்றது ஒரு காப்பிச் செடி. அதையும் நான்தான் கொண்டுவந்தேன். லைன் வீட்டுக்கு வந்த புதிதில், வேலை விஷயமாக மலைத்தோட்டத்துக்குப் போனபோது, பாலிதீன் பையில் வைத்த ஒரு கன்றைத் தோட்டக்காரர் சும்மா கொடுத்தார். எங்கள் மண்ணில் அது ஒரு மாதம் தாங்காது என்று நினைத்துத்தான் இவர் கையில் கொடுத்தேன். இவர் முருங்கை நிழலில் குழி வெட்டி, பைப்பை வளைத்துக் கோணிப்பையால் பந்தல் போட்டு, அரிசி கழுவிய தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் ஊற்றி அதைப் பிழைக்க வைத்தார். இலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஃபாக்டரியில் பாகங்களை அளந்த அதே வெர்னியரால் அளந்தார். கட்டிய பெண்டாட்டி இளைத்தாளா பெருத்தாளா என்று ஒருநாள் பார்த்ததில்லை. செடி என்னைவிட உயரமாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, இந்த மண்ணில் என்ன குற்றம் என்று கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

மலையில் காப்பிச் செடி கோடை மழைக்குப் பூக்கும், மார்கழி வாக்கில் பழுக்கும். எங்கள் வீட்டுச் செடிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கோடையில் தண்ணீர் லாரி வருகிற அன்றுதான் அதற்கும் தண்ணீர். ஐப்பசியில் நல்ல மழை பெய்ததும், இதுதான் சமயம் என்று வெள்ளை வெளேரென்று பூத்துத் தள்ளியது. நான் ரயிலில் இருந்தேன். பூவோடு பூவாக வெர்னியரையும் வைத்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ஐப்பசியில் பூத்த செடி சரியாக ஆடியில் பழுத்தது. ஒரு சின்னக் கூடை பழம். யூடியூப் பார்த்துத் தோலைப் பிதுக்கி, ஊறவைத்து, அலசி, காய வைத்து, இடித்து உமி நீக்கி, ஒரு டப்பாவில் பச்சைக் கொட்டையாக என்னிடம் நீட்டினார். நான் இல்லாத பகல்களில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கொட்டை சின்னதாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் காப்பிதான்.

அப்போதுதான் அந்தப் பந்தயத்தைப் போட்டார்.

"மேஜையில வை. நம்ம வீட்டுதுன்னு யார்கிட்டயும் சொல்லாத, மத்ததோட மத்ததா வை. பாஸாச்சுன்னா சிக்மகளூர்ப் பேச்சை இந்த வீட்ல எடுக்கக் கூடாது. ஆகலைன்னா நீ சொல்ற இடத்துக்கு நான் வர்றேன்."

"நான் பொய் சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"உனக்கு வேற எதுல வேணா பொய் வரும். காப்பியில வராது."

ரயிலில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. நல்லாயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் நுரையீரல் பிழைக்கும், என் முதுகு பிழைக்கும். மேஜையில் வைக்காமலேயே சொல்லலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் சொன்னது சரி. வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வேன், இதில் எனக்கு வாய் வராது. அவருக்கு அது தெரிந்திருக்கிறது என்பதில் எனக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கொட்டையை நானே வறுத்தேன். மற்ற கிண்ணங்களோடு பெயர் இல்லாமல் வைத்துவிட்டு, கிண்ணங்களை இடம் மாற்றச் சொல்லி என்னோடு ருசி பார்க்கிற பெண்ணிடம் சொன்னேன். அவள் சிக்மகளூர்ப் பெண், கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம். வெந்நீர் ஊற்றி, மேலே ஏடு மாதிரி பொங்கி நிற்கிற தூளைக் கரண்டியால் விலக்கி முகர்ந்துகொண்டே வந்தோம். ஒரு கிண்ணத்தில் வெல்லப்பாகு வாசனை வந்தது. உறிஞ்சினேன். இனிப்பு இருந்தது, நிஜமாகவே இருந்தது. தண்ணீர் இல்லாமல் வாடி வாடி வளர்ந்த செடியின் கொட்டை, இருக்கிற கொஞ்சத்தையும் உள்ளே இறுக்கி வைத்துக்கொண்டிருந்தது. சுரீர் இல்லை, மலை இல்லாத ஊரில் அது எப்படி இருக்கும்? ஆனால் மோசம் என்று சொல்ல முடியாது. இது எங்கள் வீட்டுதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போச்சு, பாஸாகிவிடும், இவர் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாகப் போகிறார் என்று நினைத்தேன். அதே நேரத்தில் வேறு ஒன்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கும் ஆகாது என்று எல்லாரும் கைவிட்ட எங்கள் மண்ணில் இப்படி ஓர் இனிப்பா என்று இன்னொரு கரண்டி உறிஞ்சினேன்.

காப்பியை ஆறவிட்டுத் திரும்பவும் உறிஞ்சுவது எங்கள் வழக்கம். சூட்டில் ஒளிந்துகொண்டிருப்பதெல்லாம் ஆறினால் வெளியே வரும். அந்தப் பெண் எனக்கு முன்னால் அந்தக் கிண்ணத்துக்குப் போனாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினாள். கொட்டையில் குறை இல்லை, ஆனால் மண்ணடிக்கிறது, ஏதோ இரும்பு மாதிரியும் இருக்கிறது, எங்கே காய வைத்தார்களோ என்றாள். நான் கரண்டியை எடுத்தேன்.

நாக்கில் பட்டதும் எனக்கு ஆறேழு வயது ஆகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வருகிற எங்கப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்தால் வருகிற வாசனை. ஆடியில் மூடி மூடி வைத்தும் சோற்றில் பல்லுக்கு அகப்படுகிற நறநறப்பு. துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்த மாதிரி கடைசியில் ஒரு கரிப்பு. எத்தனையோ மலைகளின் காப்பியை உறிஞ்சியிருக்கிறேன், ஒன்றில்கூட இந்த ருசி வந்ததில்லை. உலகத்தில் வேறெங்கும் இது கிடைக்காது. என் ஊர் முழுசாக அந்தக் கரண்டியில் இருந்தது. வாளியில் துப்பிவிட்டு, ஏற்றுமதிக்கு ஆகாது என்று அந்தப் பெண்ணிடம் நானே சொன்னேன். பிறகு முகம் கழுவப் போகிறேன் என்று போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

சாயங்கால வண்டி ஊரிகத்துக்கு வரும்போது பிளாட்பாரத்தில் மொபெட் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றார். வழக்கமாக ஸ்டேஷனுக்கு வருகிற ஆள் இல்லை. நான் இறங்கி நடந்து வருகிறவரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, அங்கிருந்தே என்ன கலர் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, என்ன குறை என்றார். கொட்டையில் ஒன்றுமில்லை, இனிப்புகூட இருந்தது, மேலே ஏறிய தூசிதான், எங்கே காய வைத்தீர்கள், எங்கே தூற்றினீர்கள் என்று கேட்டேன். எல்லாம் வீட்டுக்குப் பின்னால்தான் என்றார். கொசுவலை போட்டு மூடித்தான் காய வைத்தாராம். இடித்ததை முறத்தில் தூக்கித் தூற்றினால், காற்று உமியைப் பிய்த்துக்கொண்டு போனதாம். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தார். சொன்ன பெரியவர்கள் யாரும் ஆடி மாதம் எங்கள் லைனுக்கு வந்ததில்லை. லைனில் பிறந்த ஒரு குழந்தையும் இந்தத் தப்பைச் செய்யாது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க உறிஞ்சித் துப்பிய வாய் காய்ந்துபோயிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் கொட்டை கொஞ்ச நாள்தான் அந்தக் காத்துல இருந்துச்சு. அதுவும் வலை போட்டு. அதுக்கே கிண்ணத்துல எங்கப்பா சட்டை வாசனை வருது. நீங்க ஒரு வலையும் இல்லாம நாள் பூரா அங்கதான நிக்கிறீங்க. உங்க உள்ள இன்னா ருசி இருக்கும்?"

அவருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார், எடுத்துப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரயிலில் வந்தவர்களெல்லாம் போய் பிளாட்பாரம் காலியாகிவிட்டது.

"மஞ்சள்னா ரிஜெக்ட் இல்லையே" என்றார் கடைசியில்.

"பாஸும் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். எதிர்க்காற்றில் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன், கண்ணில் மண் விழாமல் இருக்க. முதுகு இருமலுக்கு இருமல் தூக்கிப் போட்டது. இவர் இப்படித்தான், மஞ்சளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வருஷம் வாதாடுவார், சிக்மகளூர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் வண்டிக்குக் கிளம்ப எழுந்தால் கூடத்தில் ஏதோ காலில் இடித்தது. லைட்டைப் போட்டேன். எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு ட்ரங்குப் பெட்டி. பரணிலிருந்து எப்போது இறக்கினார், இருக்கிற மூச்சை வைத்துக்கொண்டு எப்படி இறக்கினார் என்று தெரியவில்லை. மேலே அவருடைய சட்டைகளை மடித்து வைத்திருந்தார். சுவரில் சும்மா இருந்த ஆணிகளில் ஒன்று குறைந்திருந்தது, அந்த ஆணி சட்டைகளின்மேல் கிடந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் தடிமனாக ஒரு மஞ்சள் கோடு.

குனிந்து விரலை நீட்டினேன்.

"தொடாத, இன்னும் காயல" என்று பின்வாசலிலிருந்து குரல் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். செடிக்கு ஊற்ற, நேற்று அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு நின்றார். நாம போயிட்டா இதுக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் காற்றுக்குள் இறங்கிப் போனார். மூக்கையும் வாயையும் மூடி, ஈரத் துண்டு கட்டியிருந்தார்.